செம்மண்ணும் மின்சாரமும்: அடுக்கு ஆக்சைடுப் படலங்கள்

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "மின்கடத்தாப் பொருள்களுக்கு எடுத்துக்காட்டுகள் தருக" என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு, மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "கண்ணாடி, ரப்பர், மைக்கா, உலோக ஆக்சைடுகளில் சில மட்டும்" என்று எழுதியிருந்தாள். கடைசி இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, மதிப்பெண்ணை மறுத்துவிட்டேன். துருப்பிடித்த இரும்பு மின்சாரத்தைக் கடத்தாது, களிம்பேறிய சுவிட்சு வேலை செய்யாது. ஆகவே ஆக்சைடு என்றால் கடத்தாப் பொருள்தான் என்பது நான் படித்த நாளிலிருந்து என் மனத்தில் ஊறிய எண்ணம்.

மறுநாள் அவள் விடைத்தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், எல்லா ஆக்சைடும் கடத்தாதுன்னா, காப்பர் ஆக்சைடுல மீக்கடத்தி எப்படிச் செய்யறாங்க?" என்று கேட்டாள். "அது வேற விஷயம்மா, பாடத்துக்கு வெளியே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதோ பதிலே இல்லை. விடுமுறையில் நூல்களைத் தேடிப் படித்தேன். படித்தவற்றில் எனக்கு விளங்கிய அளவை, மாணவியரே, இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு நான் கட்டும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் காலடியிலிருந்து தொடங்குவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குயிலாப்பாளையத்துக்குத் திரும்பியவுடன் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? முந்திரித் தோப்புகளுக்கு இடையே, மழை அறுத்த ஓடைகளின் கரைகள் எல்லாம் செக்கச்செவேல் என்றிருக்கும். அங்கிருந்து சைக்கிளில் வரும் மாணவியரின் வெள்ளைக் காலுறைகள் மழைக்காலத்தில் என்ன நிறமாகின்றன என்பதை அவர்களுடைய அம்மாக்களைக் கேட்டால் தெரியும்! அந்தச் செந்நிறம் இரும்பு ஆக்சைடு. கோலத்தைச் சுற்றி நாம் இடும் காவியும் அதுவே. வாசலில் காவி பூசும்போது, தரையின்மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தை நீங்கள் பரப்புகிறீர்கள் என்று சொன்னால் அது மிகையன்று.

இனி ஒரு சோதனை. பழைய ஒலிபெருக்கியின் பின்னால் கறுப்பு வளையமாக ஒரு காந்தம் இருக்கும். அதை ஒரு காகிதத்தில் சுற்றிக் காய்ந்த செம்மண்ணுக்குள் புரட்டிப் பாருங்கள். இரும்பு நிறைந்த மண்ணாயிற்றே, ஒட்டிக்கொண்டு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அநேகமாக ஒட்டாது. பிறகு, தோப்பில் சருகு குவித்து எரித்த இடம் இருக்குமே, அங்கே சாம்பலுக்கு அடியில் உள்ள மண்ணை எடுத்து அதே காந்தத்தைக் காட்டுங்கள். இப்போது மெல்லிய கறுப்பு மீசைபோல் மண் ஒட்டிக்கொண்டு வரும். இரும்பு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சருகின் கரி, தீயின் சூட்டில், மண்ணிலிருந்த ஆக்சிஜனில் சிறிதளவைப் பறித்துக்கொண்டது; அவ்வளவே நடந்தது. ஹேமடைட் என்னும் செந்நிற ஆக்சைடின் ஒரு பகுதி மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறிவிட்டது. சேலத்துக் கஞ்சமலையில் பாறையாகவே கிடைப்பது இந்த மேக்னடைட்தான்.

இரண்டிலும் இருப்பவை இரும்பும் ஆக்சிஜனும் மட்டுமே. ஒன்று காந்தத்தை மதிப்பதில்லை, மற்றது தாவி ஒட்டுகிறது. ஒன்று நடைமுறையில் மின்கடத்தாப் பொருள், மற்றது ஓரளவு நன்றாகவே கடத்தும். இது ஏன்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால் அது நம்மை வெகுதூரம் அழைத்துச் செல்கிறது.

இரும்பு, மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், தாமிரம் ஆகியவற்றை இடைநிலை உலோகங்கள் என்று வேதியியல் ஆசிரியை சொல்லித் தந்திருப்பார். இவற்றின் அணுக்களில் டி-ஆர்பிட்டல் எனப்படும் அறைகள் பாதியில் நிற்கும் பேருந்து போல முழுதும் நிரம்பாமல் இருக்கும். நிரம்பாத அறைகள் இருந்தால் எலெக்ட்ரான்கள் ஓடியாட இடம் உண்டு. எனவே இந்த ஆக்சைடுகள் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அக்காலத்துக் கொள்கை அப்படித்தான் சொன்னது. ஆனால் நிக்கல் ஆக்சைடோ கண்ணாடிபோல் அசையாமல் இருந்தது. 1937இல் டி போயர், வெர்வே என்ற இரு டச்சு அறிஞர்கள் இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டினர். அதற்கான காரணத்தைப் பையர்ல்சும் மாட்டும் உடனே ஊகித்தார்கள். மாட் பின்னாளில் அதை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் இவ்வகைப் பொருள்களுக்கு 'மாட் கடத்தாப் பொருள்' என்றே பெயர்.

அந்தக் காரணத்தை நம் வீட்டுப் பல்லாங்குழியை வைத்தே விளக்கலாம். பதினான்கு குழிகளிலும் ஒவ்வொரு புளியங்கொட்டை போடுங்கள். இப்போது ஒரு விதி: ஒரே குழியில் இரண்டு கொட்டைகள் சேரக்கூடாது. ஏதாவது ஒரு கொட்டையை நகர்த்த முடியுமா? முடியாது. குழியில் இடம் இருக்கிறது. ஆனாலும் ஆட்டம் நின்றுவிட்டது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் எதிர்மின் துகள்கள். ஒரே அணுவில் இரண்டாவது எலெக்ட்ரான் வந்து நெருக்கினால் அதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். ஆகவே அவை தத்தம் குழியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன.

இப்போது ஒரே ஒரு கொட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கொட்டை காலிக் குழிக்கு நகரும், அதன் இடத்துக்கு அடுத்தது வரும். பலகை முழுவதும் அசைவு பிறந்துவிட்டது! ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்வதற்கு, ஓர் அணுவுக்குப் பதிலாக ஓர் எலெக்ட்ரானைக் குறைவாகத் தரும் வேறோர் அணுவைச் சேர்க்கிறார்கள். சமையலில் உப்பிடுவது போல் மிகச் சிறிய அளவே போதும். பொருளின் குணம் மாறிவிடும்.

காந்தத்தின் கதையும் இதே பலகையில்தான் நடக்கிறது. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம். அசையாமல் உட்கார்ந்த எலெக்ட்ரான்கள், நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாக அண்டை வீட்டோடு உறவு கொண்டு, பெரும்பாலும் ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாறி மாறி நிற்கின்றன. ஒன்றின் விசையை மற்றது அழித்துவிடுவதால் வெளியிலிருந்து பார்க்கும்போது காந்தமே இல்லாதது போலத் தோன்றும். இதுவே எதிர் ஃபெர்ரோ காந்தம். இதைக் கணித்துச் சொன்ன பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் 1970இல் நோபல் பரிசு பெற்றார். குயிலாப்பாளையத்துச் செம்மண் காந்தத்தில் ஒட்டாததற்கு இதுதான் காரணம். அதில் காந்தங்கள் கோடானுகோடி உள்ளன. ஆனால் ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கின்றன. மேக்னடைட்டில் இருபுறமும் சமமாக இல்லை. மீதி வெளியே தெரிகிறது.

அடுக்கு ஆக்சைடுகள் என்பவை இவ்வினத்தில் ஒரு தனிக் குடும்பம். நாம் மதிய உணவு கொண்டுவரும் அடுக்குத் தூக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் தாமிரமும் ஆக்சிஜனும் சதுரக் கட்டமாக அமைந்திருக்கும். அடுத்த தட்டில் லாந்தனமும் ஆக்சிஜனும். மறுபடி தாமிரம். மின்சாரம் ஓடுவதும் காந்த ஒழுங்கு அமைவதும் தாமிரத் தட்டில். லாந்தனத் தட்டு, வேண்டியபோது எலெக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும் கருவூலம். இத்தகைய படிகத்தில் தட்டின் நெடுகே மின்சாரம் எளிதாக ஓடும், தட்டுக்குத் தட்டு தாண்டுவது கடினம். நம் சோதனையில் பயன்பட்ட ஒலிபெருக்கிக் காந்தமும், இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்சியம் அல்லது பேரியம் சேர்ந்து அடுக்கடுக்காய் அமைந்த ஒரு பொருள்தான் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இத்தனை நாள் கையிலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன்!

இந்த அடுக்கு ஆக்சைடுகளை உலகம் அவ்வளவாகக் கவனிக்காத காலத்திலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவும் கங்குலியும் அவற்றின் மின், காந்தப் பண்புகளை ஆராய்ந்து வந்தார்கள். 1984இல் அவ்வாய்வுகளைத் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரையும் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1986இல், சுவிட்சர்லாந்தில் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம் காப்பர் ஆக்சைடில் சிறிது பேரியம் சேர்த்தார்கள். பல்லாங்குழியில் கொட்டை எடுத்ததுபோல. சுமார் 30 கெல்வின் வெப்பநிலைக்குக் கீழே அதன் மின்தடை மறையத் தொடங்கியது. மறுஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1987இல், இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற கறுப்புப் பொருள் 90 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தியாகிறது என்று அமெரிக்காவில் கண்டார்கள். பெங்களூரிலும் கல்பாக்கத்திலும் சென்னையிலும் ஆய்வாளர்கள் அதைத் தாமே தயாரித்துச் சோதிக்க முனைந்தார்கள்.

30க்கும் 90க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பீர்கள். நைட்ரஜன் 77 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸில், திரவமாகிறது. அதற்கு முன்பு மீக்கடத்திகளைக் குளிர்விக்க விலைமிகுந்த திரவ ஹீலியம் தேவைப்பட்டது. திரவ நைட்ரஜனோ, நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான குழல்களைப் பாதுகாக்கும் கலத்தில் புகைந்துகொண்டிருக்கிறதே, அதே பொருள்தான்.

கடத்தாப் பொருளாயிருந்த ஆக்சைடு தடையே இல்லாத கடத்தியாக மாறியது எப்படி? பிரின்ஸ்டனில் ஆண்டர்சனும், நம் தமிழ்நாட்டு இயற்பியலாளர் கணபதி பாஸ்கரனும், ஸோ என்பவரும் 1987இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். எதிர் ஃபெர்ரோ காந்த உறவினால் எலெக்ட்ரான்கள் முன்பே இணை இணையாகச் சேர்ந்திருக்கின்றன. கொட்டைகளைச் சிறிது எடுத்தவுடன் அந்த இணைகள் ஓடத் தொடங்குகின்றன என்பது அதன் சாரம். பாஸ்கரன் பின்னர் பல்லாண்டுகள் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இதே வினாவை ஆராய்ந்தார். எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் பிறக்கவில்லை. பாடநூலில் 'ஏனெனில்' என்று தொடங்கும் வாக்கியம் இந்த இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனிப் படலங்களுக்கு வருவோம். கட்டியான பொருளில் படிகத்துணுக்குகள் தாறுமாறாகக் கிடக்கும். தட்டுகள் ஒரே முகமாக அமைந்தால்தான் அவற்றின் உண்மைக் குணம் தெரியும். ஆகவே பளபளப்பாக மெருகிட்ட ஒரு படிகத்தின்மேல் ஆக்சைடை அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். இதைப் புள்ளிக் கோலத்தோடு ஒப்பிடலாம். அடியிலுள்ள படிகத்தின் அணுக்கள்தான் புள்ளிகள். மேலே வந்து அமரும் அணுக்கள் அந்தப் புள்ளிகளைப் பின்பற்றியே கோலமிடுகின்றன. புள்ளிகளின் இடைவெளி சற்று அகன்றிருந்தால் கோலமும் சற்று இழுபடும், நெருங்கியிருந்தால் சுருங்கும். இந்த இழுப்பும் சுருக்கமும் எவ்வளவு முக்கியமென்று பின்னால் பார்ப்போம்.

ஆனால் மூன்று நான்கு உலோகங்கள் சேர்ந்த பொருளை எப்படிப் படலமாக்குவது? சூடாக்கினால் எது முதலில் ஆவியாகிறதோ அது முதலில் போய்விடும், விகிதம் கெட்டுவிடும். 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டி. வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்த ஆக்சைடை வில்லையாகச் செய்து, அதன்மேல் லேசர் ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சினார்கள். ஒரு துடிப்பில் மேற்பரப்பிலுள்ள எல்லா அணுக்களும் ஒருசேரப் பெயர்ந்து, ஒளிரும் தோகைபோல் எழுந்து, எதிரே இருக்கும் படிகத்தில் விகிதம் மாறாமல் படிகின்றன. இன்று இம்முறையில் அடிப்படிகத்தைப் பெரும்பாலும் 600 முதல் 800 பாகை வரை சூடாக்கி, ஆக்சிஜன் சூழலில் வைத்து, துடிப்புகளை எண்ணி எண்ணி அடுக்குகளை வளர்க்கிறார்கள். நூறு நானோமீட்டர் தடித்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுப் படலத்தில் சுமார் 85 அலகு அடுக்குகள் இருக்கும். நம் தலைமுடியின் தடிப்பில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

மாங்கனீசு ஆக்சைடுப் படலங்கள் வேறொரு வித்தையைக் காட்டின. லாந்தனமும் கால்சியமும் சேர்ந்த மாங்கனீசு ஆக்சைடில் ஓர் எலெக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவ வேண்டுமானால், இரண்டின் காந்தமுனைகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். திசை வேறானால் கதவு மூடியிருக்கும். 1950இல் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் யோங்கரும் வான் சான்டனும் இப்பொருள்களைத் தயாரித்தார்கள். மறுஆண்டு ஜீனர் இந்த விளக்கத்தைத் தந்தார். அப்படியானால் வெளியிலிருந்து வலிய காந்தப்புலம் கொடுத்து எல்லா முனைகளையும் ஒரே திசையில் நிறுத்தினால், கதவுகள் அனைத்தும் திறந்து மின்தடை குறைய வேண்டும் அல்லவா? 1994இல் அமெரிக்காவில் ஜின் தலைமையிலான குழு படலங்களில் இதை அளந்தபோது, 77 கெல்வின் அருகே மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. அக்குழுவில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, பெங்களூரில் உலோகவியல் பயின்ற ராமமூர்த்தி ரமேஷ். இதற்கு 6 டெஸ்லா அளவு காந்தப்புலம் தேவைப்பட்டதால் கணினித் தட்டுகளில் இது பயன்படவில்லை. அந்த இடத்தை உலோக அடுக்குகள் பிடித்துக்கொண்டன. எனினும் மின்னும் காந்தமும் ஒரே எலெக்ட்ரானின் இரு முகங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை என்பேன்.

என்னை மிகவும் திகைக்க வைத்தது 2004இல் ஓடோமோவும் ஹுவாங்கும் கண்டது. லாந்தனம் அலுமினேட் ஒரு கடத்தாப் பொருள். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டும் அப்படியே. ஒன்றின்மேல் மற்றதைப் படலமாக வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் மின்சாரம் ஓடுகிறது! மேலே மூன்று அடுக்கு இருந்தால் ஓடாது. நான்காவது அடுக்கு வைத்தவுடன் ஓடும் என்று 2006இல் ஜெர்மனியில் அளந்தார்கள். அதே எல்லை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாவதையும், அங்கே காந்த அறிகுறிகள் தோன்றுவதையும் 2007இல் கண்டார்கள்.

படலத்தின் இழுப்பைப் பற்றிச் சொன்னேனே, அது நிக்கலில் வந்து நிற்கிறது. 1937இல் எல்லாரையும் குழப்பிய அதே நிக்கல்! 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஹுவாங் குழுவினர் ஒரு நிக்கல் ஆக்சைடுப் படலத்தை வளர்த்து, அதிலிருந்து ஓர் அடுக்கு ஆக்சிஜனை மட்டும் வேதிமுறையில் உருவி எடுத்து, 9 முதல் 15 கெல்வினில் அதை மீக்கடத்தியாக்கினார்கள். 2023இல் சீனாவில் வேறோர் அடுக்கு நிக்கல் ஆக்சைடு சுமார் 80 கெல்வினில் மீக்கடத்தியானது. ஆனால் அதற்கு வளிமண்டலத்தைப் போல ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மடங்கு அழுத்தம் வேண்டியிருந்தது. அவ்வளவு அழுத்தத்தை வைரங்களுக்கு நடுவே ஒரு துணுக்கின்மேல் மட்டுமே கொடுக்க முடியும். 2024 இறுதியில் அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் அதே பொருளை, புள்ளிகள் நெருக்கமான ஒரு படிகத்தின்மேல் படலமாக வளர்த்தார்கள். கோலம் சுருங்கியது. அந்தச் சுருக்கமே அழுத்தத்தின் வேலையைச் செய்ய, வெளியழுத்தம் இல்லாமலேயே சுமார் 40 கெல்வின் அருகே மீக்கடத்தல் தொடங்கிவிட்டது.

இவற்றால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர் உண்டு. உலோகப் பட்டைமேல் ஒரு மைக்ரான் அளவு மீக்கடத்திப் படலம் பூசிய நாடாக்களைக் கிலோமீட்டர் கணக்கில் இன்று செய்கிறார்கள். பழைய ஒலிநாடாவில் பிளாஸ்டிக்மேல் இரும்பு ஆக்சைடு பூசியதுபோல. அந்த நாடாவைச் சுற்றி 2021இல் அமெரிக்காவில் 20 டெஸ்லா மின்காந்தம் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். நம் கடற்கரையிலேயே வடக்கே உள்ள கல்பாக்கத்தில், நியோபியம் மீக்கடத்தியால் செய்த ஸ்குவிட் என்னும் நுண்கருவி கொண்டு இதயமும் மூளையும் வெளியிடும் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். மூளையின் புலம், பூமியின் காந்தப்புலத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலானது.

கைப்பேசியின் மின்கலத்திலும் அடுக்கு ஆக்சைடு இருப்பதுண்டு. லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் தட்டுகளுக்கு நடுவிலிருந்து, மின்னேற்றும்போது லித்தியம் வெளியேறுகிறது. சிறிதளவு வெளியேறியதுமே அந்தக் கடத்தாப் பொருள் உலோகம்போல் கடத்தத் தொடங்குகிறது. மறுபடி அதே பல்லாங்குழிதான்! இதை 1980இல் கண்ட குழுவின் தலைவர் ஜான் குடினஃப். 2019இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை ஆற்றியவர், தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அம்மாணவியை அழைத்தேன். ரீனியம் ட்ரை ஆக்சைடு உலோகங்களுக்கு இணையாக மின்சாரத்தைக் கடத்துகிறது, மேக்னடைட் ஓரளவு கடத்துகிறது, நிக்கல் ஆக்சைடு கடத்துவதில்லை. ஆகவே 'சில மட்டும்' என்று நீ எழுதியதே சரி என்று சொல்லி, சிவப்பு வட்டத்தை அடித்து மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் நகரவில்லை. "அப்போ டீச்சர், நம்ம செம்மண்ணையே அந்த மாதிரிப் படலமா வளர்த்து, இழுத்துப் பார்த்தா காந்தமாகுமா?" என்று கேட்டாள். ஹேமடைட்டையும் படலமாக வளர்த்து ஆராய்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. மீதியைத் தேடிச் சொல்ல அடுத்த விடுமுறை வரை தவணை கேட்டிருக்கிறேன்.